ஆடு நக்கிய நகைப்பெட்டி

“ஏட்டுல பொட்டி வரையறது பெருசில்ல சாமி, அதுல எதைக் கொண்டாந்து வெப்பே?”

என் அத்தை இப்படிக் கேட்ட காலை நேரத்தில் தெரு முழுவதும் புளித்த கஞ்சி மணந்துகொண்டிருந்தது. சேலத்து அம்மாபேட்டையில் நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்கு விடிந்தது என்று சொல்வதே அந்த வாசனைதான். வீடுகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் “பாவடி” என்ற வெளியில், நெய்யப் போகும் நூலைத் தெருநீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்த பெரிய தூரிகையை இரண்டு பேர் எதிரெதிராகப் பிடித்துக்கொண்டு நீவிப் போவார்கள்; வெயில் ஏறுவதற்குள் பஞ்சுபோல் இருந்த நூல் கம்பியாக விறைத்து நிற்கும். அப்பாவும் சித்தப்பாவும் அன்று நீவிக்கொண்டிருந்தார்கள். நான் புளியமர நிழலில் உட்கார்ந்து, கணக்கு வகுப்பில் சொல்லித் தந்தபடி, ஒரு பெட்டியின் ஆறு பக்கங்களையும் பிரித்துப் போட்டாற்போலப் பழைய தாளின் பின்புறத்தில் வரைந்துகொண்டிருந்தேன்.

அத்தை முதலில் அதைச் சேலைக்கரை என்றுதான் நினைத்தாள். “என்ன சாமி, புதுக் கரையா? கட்டம் கட்டமா இருக்குது?” என்று குனிந்தாள்.

“இல்லீங்கத்தை, அக்காளுக்கு நகைப் பொட்டி. இதைப் பாத்து மரத்துல செய்யப் போறேன்” என்றேன். அதற்குத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். பாவின் மறுபக்கம் இருந்த சித்தப்பாவும் சிரித்தார்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அவளுடைய மகனுக்குத்தான் என் அக்கா செல்லத்தைப் பேசி முடித்திருந்தார்கள். அம்மாபேட்டையின் மறுகோடியில் அவர்களுக்கும் தறிகள் உண்டு. எங்களைக் காட்டிலும் கொஞ்சம் வசதி. அதனால் கொஞ்சம் குரலும் அதிகம். ஆனால் மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மனுஷி. அன்றும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

“ஏந்தம்பி, பெரியவ எங்கூட்டுக்கு வந்துட்டா உந்தறிக்குத் தார் சுத்தறது ஆரு? சின்னவளைப் பள்ளிக்கூடத்தை உட்டு நிறுத்தி ராட்டையில உக்கார வெய்யி. படிச்ச வரைக்கும் போதும்.”

நெசவு தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் ஒரு சின்னக் குச்சியில் நூல் சுற்றி வைப்பார்கள். நூல் சுற்றிய அந்தக் குச்சிக்குத் “தார்” என்று பெயர். ஒரு தார் தீர்ந்தால் அடுத்த தார், அது தீர்ந்தால் அடுத்தது. நெய்கிற கை நிற்காமல் ஓட வேண்டுமானால் வீட்டில் இன்னொரு கை ராட்டையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொரு கை அக்காவுடையது. அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவளில்லை. அவள் ராட்டை சுற்றியதால்தான் நான் டவுனில் இருந்த பெண்கள் பள்ளிக்கு நடந்துபோய் மூன்றாம் பாரம் வரை வந்திருந்தேன். எங்கள் வம்சத்திலேயே எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். தறிமேட்டிலிருந்து சித்தப்பா என்னை “டீச்சரம்மா” என்று கூப்பிடுவார். அது கேலி என்று தெரிந்தும் எனக்குப் பிடித்திருந்தது.

அத்தை சொன்னதற்கு அப்பா ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. தூரிகையை நிறுத்தாமலே, “கல்யாணம் முடியட்டுங்கக்கா, பாத்துக்கலாம்” என்றார். அப்பா சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது. பாத்துக்கலாம் என்று அவர் சொன்ன எதுவும் எங்கள் வீட்டில் அதற்குமுன் எனக்குச் சாதகமாக முடிந்ததில்லை.

பெட்டி செய்யும் எண்ணத்தை அதற்காக நான் விட்டுவிடவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்த்தட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்து, பெண்வீட்டார் ஒருவர் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். நகையைப் பெட்டியில் வைத்துக் காட்டுவதுதான் வழக்கம். பெரியப்பா மகள் கல்யாணத்தில் பெட்டி இல்லாமல் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள்; “மளிகைக்கடைப் பொட்டலமாட்டம் இருக்குது” என்று யாரோ சொன்னதை அவள் வெகுநாள் மறக்கவில்லை. என் அக்காவை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. எனக்காக ராட்டை சுற்றிய கைக்கு, பள்ளிக்கூடத்தில் கற்றதைக்கொண்டு நானே ஒன்று செய்து தர வேண்டும். பள்ளிக்கூடம் நிற்கப் போகிறது என்றால், நிற்பதற்குள் செய்தாக வேண்டும்.

பலகைக்கு நான் எங்கும் போகவில்லை. சாயக்கடையிலிருந்து எப்போதோ வந்த ஒரு மரப்பெட்டி எங்கள் வீட்டில் கவிழ்ந்து கிடந்தது. ராட்டைப் பக்கத்தில் அக்கா அதன்மேல்தான் உட்காருவாள். கப்பலில் வந்த சாயப்பெட்டி. ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் சிவப்புமாகக் கறை ஏறியிருக்கும். கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை நகர்த்தியபோது அதன் ஒரு மூலை விட்டுப்போனது. கஞ்சி அடுப்புக்கு ஆகும் என்று சித்தப்பா உடைக்கப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். அப்போதுதான் அதன் பக்கவாட்டில் அச்சடித்திருந்த ஆங்கில எழுத்துகள் கண்ணில் பட்டன. பிறந்ததிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். படிக்கத் தெரிந்த பிறகு அதை ஒருமுறைகூடப் படித்துப் பார்த்ததில்லை. எழுத்துகள் தலைகீழாக நின்றன. கழுத்தைச் சாய்த்து, கூட்டிக் கூட்டிப் படித்து, “இந்தப் பக்கம் மேலே” என்று போட்டிருக்கிறது என்றேன்.

“அட பாவமே! இத்தனை காலமும் தலைகீழா வெச்சா உக்காந்திருக்கா அவ?” என்றார் சித்தப்பா. அக்கா சிரித்த சிரிப்பில் ராட்டையில் நூல் அறுந்தது. அந்தப் பலகையைப் பெட்டியின் மூடிக்கு என்று தனியாக எடுத்து வைத்தேன்.

அக்காவுக்குத் தெரியாமல் செய்வது என்பது அந்த வீட்டில் ஆகிற காரியமா? தறி, ராட்டை, அடுப்பு எல்லாம் ஒரே கூரைக்குள். அவள் தெரியாததுபோல் இருந்தாள், அவ்வளவுதான். நான் பலகை அறுக்கும்போது அவள் ராட்டையை வேகமாகச் சுற்றுவாள். அந்தக் கிறீச் சத்தத்தில் ரம்பச் சத்தம் அமுங்கிப்போகும் என்று இருவருமே நம்புவதுபோல் நடந்துகொண்டோம்.

அளவெடுக்க அடிக்கோல் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தது, வீட்டில் இல்லை. கைக்கு எட்டியது வெறும் தார்க்குச்சி ஒன்று. அதையே வைத்து நீளம் ஒரு தார்க்குச்சி, அகலம் ஒரு தார்க்குச்சி, உயரமும் ஒரு தார்க்குச்சி என்று கோடு போட்டேன். பாவு நீட்டும்போது, “நெய்ஞ்சா சுருங்கும், ஒரு விரக்கடை கூடவே உடு” என்று அப்பா சொல்லுவது என் காதில் ஊறியிருந்தது. அதனால் எல்லாப் பக்கமும் ஒரு விரல் கூட்டிக்கொண்டேன். மரம் துணியைப்போலச் சுருங்காது என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. நெசவு வீட்டில் அளவு என்றால் சுருக்கத்துக்கு விடுவதும் சேர்ந்ததுதான்.

ஆணி அடிக்கப் பார்த்தேன்; மெல்லிய பலகை, வாயைப் பிளந்துகொண்டது. தச்சர்கள் வச்சிரம் காய்ச்சி ஒட்டுவார்கள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் விறைப்பாக நிற்க வேண்டிய எதற்கும் ஒரே மருந்து கஞ்சி. என் புத்தக அட்டை கிழிந்தால் கஞ்சி, காற்றாடிக்குக் கஞ்சி, பாவுக்குக் கஞ்சி. நன்றாகக் கெட்டியாகக் காய்ச்சி, விளிம்பு விளிம்பாகத் தடவி, பலகைகளைச் சேர்த்து நூலால் சுற்றிக் கட்டி, பாவடியில் வெயிலில் வைத்தேன். மத்தியானம் நூலைப் பிரித்தபோது பெட்டி கல்லைப்போல நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சித்தப்பா தட்டிப் பார்த்து, “பரவால்லியே டீச்சரம்மா” என்றார். அதைக் கொஞ்சம் இன்னும் காயட்டும் என்று அங்கேயே வைத்துவிட்டுப் பெருமையோடு சாப்பிடப் போனேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது. கஞ்சிப் பாவை நக்க வரும் என்பதால் தெருவில் எல்லோரும் அதைக் கண்டாலே கல்லை எடுப்பார்கள். பாவுக்குக் காவல் இருந்தது. பெட்டிக்கு இல்லை. நான் திரும்பி வந்தபோது அது நிதானமாகக் கடைசி விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. பலகைகள் நான் தாளில் வரைந்திருந்த மாதிரியே ஆறு பக்கமும் பிரிந்து தரையில் கிடந்தன.

அந்த நேரம் பார்த்து அத்தை தெருவில் வந்துகொண்டிருந்தாள். “ஐயோ சாமி! எம்மருமவ நகையைப் பூட்டி வெக்கற பொட்டிய ஆடு தின்னுடுச்சா! நல்லவேளை, நகை உள்ள இல்ல!” என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். தெருவே சிரித்தது. நான் பலகைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன். அழவில்லை என்று சொல்லமாட்டேன். கதவுக்குப் பின்னால் போய்த்தான் அழுதேன்.

உள்ளே அக்கா தறிக்குழியருகே குந்தி, நெய்து தீர்ந்த பாவின் நுனியோடு புதுப்பாவின் நுனியை இழைக்கு இழை சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் செய்யும் வேலை அது. அவள் பிணைத்த இடம் தறியில் அடிபட்டு அடிபட்டும் விட்டுப்போனதாக நான் பார்த்ததில்லை. என் முகத்தை அவள் பார்த்தாள், பலகைகளைப் பார்த்தாள், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவள் மடியில் பாவிலிருந்து கழித்த நூல்நுனிகள் கற்றையாகக் கிடந்தன. அவற்றை முறுக்கித்தான் எங்கள் வீட்டில் கொடிக்கயிறு, தூளிக்கயிறு எல்லாம் கட்டுவோம். என்னையும் அக்காவையும் தூக்கிப் பிடித்த தூளி அந்தக் கயிற்றில் தொங்கியதுதான். ஒட்ட வைப்பானேன், கட்டினால் என்ன என்று அப்போது எனக்குத் தோன்றியது.

உடைந்த குடைக்கம்பி ஒன்றை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பலகை விளிம்புகளில் வரிசையாக ஓட்டை போட்டேன். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடைவெளி சமமாக விழ வேண்டும் என்பதற்காகத் தாளில் முதலில் புள்ளி வைத்து, தாளைப் பலகைமேல் வைத்துக் குத்தினேன். என் பள்ளிக்கூடம் அங்கே எனக்குக் கைகொடுத்தது. நூல்நுனிகளை முறுக்கி, மெழுகு தேய்த்து, மூலைக்கு மூலை குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைத்தேன். மூடிக்கும் அதே கயிறுதான் கீல். “இந்தப் பக்கம் மேலே” என்ற எழுத்து இம்முறை நேராக நின்றது. விரல் நுனிகள் கன்றிப்போய் எழுதுகோலைப் பிடிக்க முடியவில்லை. தைத்து முடித்த பெட்டியைத் தரையில் ஓங்கிப் போட்டுப் பார்த்தேன். குதித்தது, பிரியவில்லை.

கல்யாணத்தன்று சீர் சொல்லும் வேலை சித்தப்பாவுக்கு. குடம், விளக்கு, சேலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், பெட்டி வந்ததும் குரலை இன்னும் உயர்த்தினார். “பொட்டி ஒண்ணு! செஞ்சது எங்க டீச்சரம்மா! ஆடு தின்னு பாத்து, சேராதுன்னு துப்பிப்போட்ட பொட்டி!”

பந்தல் குலுங்கிச் சிரித்தது. அத்தை பெட்டியை எடுத்தாள். “நகைப் பொட்டின்னா தட்டையா இருக்கோணும். இது கோழிக்குஞ்சைக் கவுக்கற கூடையாட்டமல்ல இருக்குது” என்றாள். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு மூலையை இழுத்தாள். சேலையை விலைபேசுகிறவர்கள் கரையோரத்தைத் தடவிப் பார்ப்பார்களே, அதேபோல் தையல்மேல் விரலை ஓட்டினாள். சிரிப்பு அடங்கிவிட்டது. “கட்டு நல்லாருக்குது” என்று சொல்லித் தட்டில் வைத்தாள். நெசவுத்தெருவில் அது பெரிய வார்த்தை. அக்கா தலையைக் குனிந்தபடியே என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

ஆனால் பெட்டி நின்றதே தவிர, என் படிப்பை நிறுத்த வேண்டாம் என்று சொல்ல யாரும் வரவில்லை. அக்கா போன மறுநாள் நான் ராட்டையில் உட்கார்ந்தேன். அப்பா உட்காரச் சொல்லவில்லை. தறி நின்றிருந்தது, தார் இல்லை, நானே உட்கார்ந்துவிட்டேன். நான் சுற்றிய தார் ஒரு பக்கம் தொப்பையும் ஒரு பக்கம் ஒட்டலுமாக வந்தது. பாதி ஓட்டத்தில் நூல் சரிந்து நாடா நின்றுவிடும். “டீச்சரம்மா, இது தாரா, சுரைக்காயா?” என்று சித்தப்பா கேட்பார். கேட்டுவிட்டு, ஏனோ உடனே பேச்சை மாற்றுவார். டவுன் பக்கம் போகிற பெண்கள் காலையில் பாவடியைத் தாண்டிப் போவதை நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

மறுவீட்டுக்கு அக்கா வந்தாள். அழைத்துப்போக அத்தையும் வந்திருந்தாள். அக்கா கையில் பெட்டி. அம்மா, “எதுக்குடி அதைத் தூக்கிட்டு வந்தே?” என்றாள். அக்கா நேரே ராட்டைப் பக்கம் வந்து, கூடையில் நான் சுற்றி வைத்திருந்த தொப்பைத் தார்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு பெட்டியைத் திறந்து, ஒரு தாரை எடுத்து உள்ளே நிற்க வைத்தாள். மூடியை மூடினாள். மூடி இடிக்காமல், அளந்து தைத்ததுபோல் நின்றது. அளந்து தைத்ததுதானே! அதற்குள் இருந்தது ஒரு தார்க்குச்சியும், சுருங்கும் என்று நான் விட்ட ஒரு விரலும்தான். அவள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். கூடையில் பெரும்பகுதி பெட்டிக்குள் போய்விட்டது.

“அத்தை,” என்றாள் அக்கா. அவள் அத்தையிடம் நிமிர்ந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. “அப்பா தறிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தார் இதுல அடங்குதுங்க. நம்ம ஊட்டு ராட்டையில நானே சுத்தி வெச்சிடறேன். சித்தப்பா தறிக்கு அம்மா சுத்திக்குவாங்க. தங்கச்சி வள்ளி டவுனுக்குப் போறது நம்ம வாசல் வழியாத்தானே? வெடியால வெறுங்குச்சியும் நூலும் குடுத்துட்டுப் போவட்டும், சாயங்காலம் வரும்போது எடுத்துட்டு வரட்டும்.”

“அப்ப உன் நகைய எங்க வெப்பே?”

“எல்லாம் மேலதானுங்க கெடக்குது. கழட்டி வெக்கற அளவுக்கு என்ன இருக்குது?”

கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வேலை செய்வது என்றால் மாமியார் மனசு வைக்க வேண்டும். அப்பா தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்தபடி தன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ராட்டையின் பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். அத்தை பெட்டியை வாங்கி மூடியைத் திறந்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், மறுபடி மூலைகளை இழுத்துப் பார்த்தாள்.

“எந்தறித் தார் முதல்ல. அதுக்கப்புறந்தான் உங்கப்பன் தறி. ஒத்துக்கறயா?”

“ஆமாங்கத்தை.”

அத்தை என் பக்கம் திரும்பினாள். “இந்தா சாமி, வழியில எதையாச்சும் படிச்சுக்கிட்டே போயி பொட்டிய ஆட்டுக்குக் குடுத்துப்போடாத.”

அப்பா ஒரு மிதி மிதித்து நாடாவை ஓட்டினார். தறிச்சத்தம் தொடங்கிய பிறகு, அந்தச் சத்தத்துக்குள்ளேயே சொன்னார்: “நாளைக்கு வெடியால நேரத்துல கெளம்பு.”

அதன்பின் என் பள்ளிநாட்கள் முழுவதும் என் இடது தோளில் புத்தகப் பையும் வலது கையில் அந்தப் பெட்டியும் இருந்தன. சாயங்காலம் கூட நடந்துவரும் வகுப்புப் பெண்கள் அதைச் சாப்பாட்டுப் பெட்டி என்று நினைத்தார்கள். நகைப்பெட்டி என்று சொன்னேன். திறந்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன். மஞ்சளும் சிவப்புமாக அக்கா சுற்றிய தார்கள் வரிசையாக நின்றன. வெட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அந்தப் பெட்டியின் மூடியில் எழுத்துகள் இல்லை. கை பட்டுப் பட்டு “இந்தப் பக்கம் மேலே” முழுவதும் அழிந்துவிட்டது. மூலைக்கயிறுகளை அக்கா இரண்டொரு முறை மாற்றிக் கட்டியிருக்கிறாள். நூல் கிடைக்காத இந்த யுத்தகாலத்தில் பாவடி பல நாள் வெறுமையாகக் கிடக்கிறது. கஞ்சி வாசனை இல்லாத விடியற்காலை எனக்கு இன்னும் விடிந்ததாகவே தோன்றுவதில்லை. நக்க எதுவும் இல்லாததால் அந்த வெள்ளாட்டின் பேரக்குட்டிகள் தெருவை விட்டே போய்விட்டன. சித்தப்பா மட்டும் மாறவில்லை. பயிற்சி முடித்துக் கெங்கவல்லியில் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக நான் பஸ் ஏறியபோது, “டீச்சரம்மா” என்றார் வழக்கம்போல. ஆனால் கூப்பிட்டவர் ஏனோ சிரிக்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வழியனுப்ப வந்த அத்தை, அக்கா மகளை என் முன்னால் தள்ளி, “இவளுக்கும் ஒரு பொட்டி வரைஞ்சு குடுத்துட்டுப் போ” என்றாள்.

கெங்கவல்லிப் பெண்கள் உழவர் வீட்டுப் பிள்ளைகள். கைவேலை நேரத்தில் அவர்களுக்குத் தையல் மட்டும்தான் இருந்தது. பலகையும் ரம்பமும் கேட்டேன். “பொட்டப் புள்ளைங்க கையில ரம்பமா?” என்று தலைமையாசிரியை தயங்கினார், கேட்டுக்கொண்டே இருந்தேன். போன வாரம் சேலத்திலிருந்து சாயப்பெட்டிப் பலகைகள் வந்து இறங்கின. கரும்பலகையில் ஆறு பக்கத்தையும் விரித்து வரைந்தேன். பள்ளியில் அடிக்கோல் இருக்கிறது. இருந்தாலும், உங்கள் வீட்டில் தினமும் புழங்குகிற ஒன்றை அளவுக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். ஒருத்தி அரிவாள் பிடியைக் கொண்டுவந்தாள், ஒருத்தி சோளக்கதிர் கொண்டுவந்தாள்.

இன்று காலை முதல் பலகையை அறுத்தோம். எல்லாப் பக்கமும் ஒரு விரல் கூடவே விடச் சொல்லியிருக்கிறேன்.